‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’: ஊரில் தொடங்குவதா, வேலையில் தொடங்குவதா, பழுதில் தொடங்குவதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வேலைக்கு ஆள் எடுக்கும் நாள்களில், இயந்திரம் தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்கட்டும் என்று என்னையும் நேர்காணல் அறைக்குக் கூப்பிடுவார்கள். யார் வந்தாலும் முதல் கேள்வி மாறுவதில்லை: “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” அந்தக் கேள்விக்கு வரும் பதில்களை ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவை மூன்றே வார்ப்புகளில் ஊற்றியவை.

போன மாதம் என் தங்கை மகன் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தான். இதே தொழிற்பேட்டையில் வேறொரு நிறுவனத்தில் அவனுக்கு நேர்காணல். “மாமா, சொல்லிக் காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்” என்று திண்ணையில் உட்கார்ந்து, போனில் பதிவை ஓடவிட்டபடியே பேசினான். 4 நிமிடம் ஓடியது. அதில் அவன் தினமும் கையால் தொடும் பம்ப் ஒரே ஒரு முறை வந்தது. கிரிக்கெட் இரண்டு முறை வந்தது. அன்று மாலை முழுக்க அவனுடைய அதே சரக்கை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தோம்.

அவன் சரக்கு இவ்வளவுதான். தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு. ஐடிஐயில் இரண்டாண்டு ஃபிட்டர் படிப்பு. ஓராண்டு அப்ரண்டிஸ். பிறகு கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மூன்றாண்டு. முதலில் பம்ப் பூட்டும் பிரிவு, இப்போது பராமரிப்பு.

முதல் அடுக்கு, ஊரில் தொடங்குவது. “என் சொந்த ஊர் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை. அப்பா தென்னை விவசாயம், அம்மா இல்லத்தரசி, ஒரு தங்கை கல்லூரியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பை...” என்று பிறப்பிலிருந்து ஏறி வருவது. பத்தில் ஏழு பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். பள்ளியில் அப்படித்தான் எழுதவைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இவை எல்லாமே மேசைமேல் கிடக்கும் விண்ணப்பத்தில் இருக்கின்றன. நான் அந்த நேரத்தில் தாளைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன். பேசுபவர் வேலைக்கு வந்து சேரும்போது, கேட்பவரின் காது பாதி மூடியிருக்கும்.

இந்த அடுக்கை முழுதாக ஒதுக்கவும் மாட்டேன். கோவைப் பக்கம் பத்து இருபது பேரை வைத்து நடத்தும் பட்டறைக்குப் போனால் முதலாளியே எதிரில் இருப்பார். அவருக்கு உன் ஊர் வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாய், இரவு ஷிஃப்டுக்கு நிற்பாயா, உன்னைத் தெரிந்தவர் இங்கே யார் என்பதெல்லாம் அவர் கணக்கு. அங்கே ஊரிலிருந்து தொடங்குபவன் பாதி வேலையை முடித்துவிட்டான். படிப்பு முடித்து நேராக வருகிறவனுக்கும் வேறு வழி இல்லை. அவன் ஊரையும் படிப்பையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, பயிற்சியில் தன் கையால் செய்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லட்டும்.

ஊரைச் சொன்னாலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் சென்னையில் “நான் சித்தூர்” என்று சொல்லிவிட்டு, தெலுங்கில் கேட்ட கேள்விக்கு விழித்துக்கொண்டு நின்றான். அவர்கள் நினைத்தது ஆந்திரச் சித்தூரை. ‘பாலக்காடு மாவட்டம்’ என்ற இரண்டு சொல்லில் தீர்ந்திருக்கும் விஷயம். இதேபோல், கஞ்சிக்கோட்டில் “ஐடிஐயில் இருந்தேன்” என்றால் இரண்டு பொருள் உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்ததும் ஆகலாம். இங்கேயே ஆலை வைத்திருக்கும், தொலைபேசிக் கருவிகளுக்குப் பேர்போன பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்ததும் ஆகலாம். “படித்தேன்” என்ற வினையை விழுங்கிவிடக் கூடாது.

இரண்டாவது அடுக்கு, இன்றைய வேலையில் தொடங்கிப் பின்னால் போவது. “கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் பராமரிப்பு ஃபிட்டராக இருக்கிறேன். லேத், டிரில்லிங் இயந்திரங்கள், குளிர்நீர்ப் பம்புகள் என் பொறுப்பு. அதற்கு முன் அதே இடத்தில் பம்ப் பூட்டும் பிரிவில் இருந்ததால், உள்ளே ஒவ்வொரு பாகமும் எப்படி உட்கார வேண்டும் என்று தெரியும். ஃபிட்டர் பிரிவில் ஐடிஐ முடித்து ஓராண்டு அப்ரண்டிஸ் செய்திருக்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில், இங்கே வேலை கிடைத்தால் ஊரிலிருந்தே வந்து போகலாம் என்பதும் நான் விண்ணப்பித்ததற்கு ஒரு காரணம்.” போனில் பதிந்து பார்த்தோம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

முதல் அடுக்கில் இருந்தவை எல்லாம், கிரிக்கெட்டைத் தவிர, ஏறத்தாழ இதிலும் இருக்கின்றன. வரிசைதான் மாறியிருக்கிறது. வரிசை மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1946இல் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் செய்த சோதனையைச் சொல்வேன். ஒரு மனிதரைப் பற்றிய ஆறு குணங்களை ஒரு குழுவுக்கு இப்படி வாசித்தார்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு குழுவுக்கு அதே ஆறையும் கடைசியிலிருந்து முதலுக்கு வாசித்தார். புத்திசாலியில் தொடங்கிக் கேட்டவர்கள் அந்த ஆளைக் கெட்டிக்காரர், சில குறைகள் உண்டு என்று மதித்தார்கள். பொறாமையில் தொடங்கிக் கேட்டவர்களுக்கு அவர் சிக்கலான ஆளாகத் தெரிந்தார். ஒரு சொல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. முதலில் காதில் விழுந்தது பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் சாயம் ஏற்றிவிட்டது. ‘பராமரிப்பு ஃபிட்டர்’ என்று கேட்ட பிறகு ‘தமிழ் வழிக் கல்வி’ வந்தால் அது ஒரு தகவல். அதுவே முதலில் வந்தால், ஆங்கிலம் எப்படியோ என்ற சந்தேகம் மேசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்த அடுக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. இடையில் வேலையில்லாத காலம் இருந்தால், பின்னோக்கிப் போகும்போது அது பளிச்சென்று தெரியும். இதில் நான் அடிபட்டவன். முன்பு வேலை பார்த்த ஆலை மூடப்பட்டு 14 மாதம் ஊரில் இருந்தேன். அடுத்து வந்த நேர்காணலில், பழைய வேலையின் கடைசித் தேதியை நாவாலேயே நீட்டிச் சொன்னேன். “பணி விடுவிப்புக் கடிதம் இருக்கிறதா?” என்றார்கள். பையில் இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. அதற்கடுத்த இடத்தில் உள்ளதைச் சொன்னேன்: “ஆலை மூடியபின் 14 மாதம் ஊரில் விவசாயிகளின் போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன்.” எதிரில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று கேட்கத் தொடங்கினார். மறைக்க நினைத்த மாதங்கள்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தன. எல்லோருக்கும் காயில் கட்டிய கதை இருக்காது. “அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, ஆறு மாதம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன்” என்பதும் நல்ல பதில்தான். தேதியை நீட்டுவது மட்டும் கூடாது.

மூன்றாவது அடுக்கு ஒரு பழுதில் தொடங்குவது. “குளிர்நீர்ப் பம்ப் ஒன்றில் மெக்கானிக்கல் சீல் மாதா மாதம் ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றி மாற்றிப் போட்டார்கள். நான் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். மோட்டாரும் பம்பும் ஒரே கோட்டில் இல்லை. மோட்டாரின் காலுக்கடியில் ஷிம் வைத்துச் சரி செய்தேன். அதன் பிறகு அந்தச் சீல் ஒழுகவில்லை.” (சீல் என்பது சுழலும் தண்டின் ஓரமாக நீர் ஒழுகாமல் தடுக்கும் பாகம். டயல் கேஜ் நுண்ணிய விலகலைக் காட்டும் அளவுகருவி. ஷிம் மெல்லிய உலோகத் தகடு.) சத்தியமாகச் சொல்கிறேன், அவன் இதைச் சொன்னபோது நானே சிறிது நேரம் நேர்காணல் என்பதை மறந்து, எந்தப் பக்கம் ஷிம் வைத்தாய் என்று கேட்டுவிட்டேன். மூன்றிலும் வலுவானது இதுதான். சீல் கெட்டால் சீலை மாற்றுபவன் ஒரு ரகம், அது ஏன் கெடுகிறது என்று பார்ப்பவன் இன்னொரு ரகம். இந்த வேறுபாட்டைச் சான்றிதழ் காட்டாது.

ஆனாலும் முதல் வாயிலேயே இதை எடுக்காதே என்றேன். எதிரில் இருக்கும் மூவரில் இரண்டு பேருக்குச் சீல் என்றால் ரப்பர் முத்திரை. யார் இவன், எங்கே வேலை செய்கிறான் என்று தெரிவதற்குள் கதை ஓடினால் காலட்சேபம் கேட்பதுபோல் ஆகிவிடும். இன்னொரு சிக்கல் நம் நாக்கில் இருக்கிறது. தனியாகச் செய்ததையும் “செய்தோம், கழற்றினோம், பூட்டினோம்” என்று சொல்லியே பழகிவிட்டோம். ‘நான்’ என்றால் தலைக்கனமாகத் தெரியுமோ என்று கூச்சம். நேர்காணல் அறையில் அந்தப் பணிவு ஆளையே காணாமல் ஆக்கிவிடும். “நீ என்ன செய்தாய்?” என்று நான் எத்தனையோ பேரிடம் திரும்பக் கேட்டிருக்கிறேன். உதவியாளர் இருந்தால் அவரையும் சொல். டயல் கேஜைப் பிடித்தது உன் கை என்றால் ‘நான்’ என்றே சொல்.

ஆகவே என் கட்சி இரண்டாவது அடுக்கு. ஆனால் அதன் வாலில் மூன்றாவதன் தலையை ஒட்ட வேண்டும். வேலையைச் சொல்லி, பின்னால் போய், ஊரைத் தொட்டு, கடைசியாக “மாதா மாதம் ஒழுகிய ஒரு பம்பை நிரந்தரமாகச் சரிசெய்ததுதான் இந்த மூன்றாண்டில் எனக்குப் பிடித்த வேலை” என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். கதையைச் சொல்லக் கூடாது. அதைக் கேட்க வேண்டியது அவர்கள் வேலை. அறிமுகத்தை எங்கே நிறுத்துகிறாயோ, அங்கிருந்துதான் அடுத்த கேள்வி வரும். கிரிக்கெட்டில் நிறுத்தினால் கிரிக்கெட்டைப் பற்றித்தான் கேட்பார்கள்.

அடுத்து, எந்த மொழியில் என்பது. வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இந்தக் கவலை குறைவு. எங்களுக்கு மூன்று மொழியும் வாசலில் நிற்கின்றன. மனப்பாடம் செய்த ஆங்கிலம் மிக மோசமான தேர்வு. நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் “மை நேம் இஸ்” என்று முதலிலிருந்து ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலையாளம் எங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் ஆபத்து. தமிழில் ‘அவசரம்’ என்றால் விரைவு. மலையாளத்தில் அதே சொல் வாய்ப்பைக் குறிக்கும். “எனக்கு அவசரமில்லை, அடுத்த மாதம்கூடச் சேரலாம்” என்பதை அரை மலையாளத்தில் சொன்னால், எனக்கு வாய்ப்பில்லை என்று நீயே தீர்ப்பு எழுதியதாகிவிடும். ‘பரிசயம்’ என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் வேலை அனுபவத்தை. “இங்கே யாரையும் பரிச்சயம் இல்லை” என்று பதில் சொன்னவன் உண்டு. ‘ஜோலி’ அங்கே மதிப்பான சொல், உத்தியோகம் என்று பொருள். இங்கே “உன் ஜோலியைப் பார்” என்றால் சண்டை. எல்லாவற்றையும்விட நுட்பமானது ‘நீங்கள்’. தமிழில் அதைவிட மரியாதை வேண்டியதில்லை. மலையாளத்தில் ‘நிங்ஙள்’ மலபார்ப் பக்கம் மரியாதையாகவே ஒலிக்கும்; தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்த மேலாளரிடம் சொன்னால் முகம் சுருங்கலாம். ‘சார்’, ‘மேடம்’ என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தமிழிலேயே பேசலாமா? பாலக்காட்டுக்காரர்களில் தமிழ் புரியாதவர் குறைவு. ஆனால் அறையில் இருப்பவர் எல்லோரும் பாலக்காட்டுக்காரர்களாக இருக்க வேண்டுமே! கேட்ட மொழியில் முதல் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, “இயந்திர விவரங்களைத் தமிழில் சொல்லலாமா சார்?” என்று அனுமதி கேட்பது என் வழக்கம். நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை. பேரிங், கப்ளிங், ஷிம் எல்லாம் எந்த மொழியிலும் அவைதானே.

நேர்காணல் முடிந்த அன்று மாலை போன் செய்தான். முதல் இரண்டு வாக்கியம் மலையாளத்தில், பிறகு அனுமதி கேட்டுத் தமிழில் சொன்னானாம். பம்பில் கொண்டுவந்து நிறுத்தினானாம். மனிதவள அதிகாரி தாளைப் புரட்டிக்கொண்டிருக்க, ஓரத்தில் இருந்த வயதான போர்மேன் “டயல் கேஜை எந்தப் பக்கத்துக் கப்ளிங்கில் மாட்டினாய்?” என்று கேட்டிருக்கிறார். இவன் தாளும் பேனாவும் வாங்கிப் படம் வரைந்திருக்கிறான். பேச்சு கால் மணி நேரம் அதிலேயே ஓடியதாம்.

“ஊரைப் பற்றி, அப்பாவைப் பற்றிக் கேட்டார்களா?” என்றேன்.

“உள்ளே யாரும் கேட்கவில்லை மாமா. வெளியே வரும்போது கேட்டில் காவலாளி மட்டும் கேட்டார். அவரும் கொழிஞ்சாம்பாறைதானாம். நான் இன்னார் மகன் என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார்.”