அப்பாவின் லைக்காவை "ரஷ்யப் போலி" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள்: பழைய கேமரா வைத்திருப்போர் கவனத்திற்கு

அப்பா விட்டுச்சென்ற ஃபிலிம் கேமராவையும், அதனுடன் இருந்த தோல்பையையும், பையிலிருந்த துணைப்பொருள்கள் அனைத்தையும் சென்ற ஆண்டு ஆவணி மாதம் சென்னையில் பழைய கேமராக்கள் வாங்கி விற்கும் ஒருவரிடம் 7,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். அந்தத் தொகை எவ்வளவு குறைவு என்பது ஐந்து மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. என் கையில் இருப்பது ஒரே ஒரு வரி எழுதிய ரசீது; அதை வைத்துக்கொண்டு யார்மீதும் எதையும் நிறுவ முடியாது. ஆனால் அவர் கையாண்ட முறையை விவரமாக எழுத முடியும். உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒரு பை இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக் கேமராவை எளிதில் இறக்குமதி செய்ய முடியாத 1960களின் தொடக்கத்தில், ஓய்வு பெற்றுச் சென்ற மேலதிகாரி ஒருவரிடமிருந்து அதைப் பழையதாக, மூன்று மாதத் தவணையில் வாங்கினார் என்று அம்மா சொல்வார். எங்கள் குடும்பத்தின் காதுகுத்து, கல்யாணம், சீமந்தம் எல்லாமே அதில் எடுக்கப்பட்டவைதாம். 1990களுக்குப் பிறகு அது தோலுறையை விட்டு வெளியே வரவில்லை. அந்துருண்டை வாசனையோடு பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. தோலுறைக்குள் பூட்டி வைப்பது லென்ஸில் பூஞ்சை பிடிக்க வழிசெய்யும் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது.

கேமராவின் மேல்தகட்டில் லைக்கா என்ற பெயரும், வெட்ஸ்லார் என்ற ஜெர்மானிய ஊரின் பெயரும், ஆறு இலக்க எண் ஒன்றும் பொறிக்கப்பட்டிருந்தன. மாடலின் பெயர் எங்கும் இல்லை. திருகு லென்ஸ் கொண்ட அந்தக் கால லைக்காக்களில் மாடல் பெயரைப் பொறிக்கும் வழக்கம் கிடையாது. எண்ணையும் உடலிலுள்ள அடையாளங்களையும் பார்த்து நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். பெயர் எழுதியிருந்தால் நானே இணையத்தில் தேடியிருப்பேன். எழுதாதிருந்ததால் "தெரிந்தவர்" ஒருவரைத் தேடிப் போனேன். என் சறுக்கல் அங்கே தொடங்கியது.

கடைக்காரர் மரியாதையான மனிதர். தேநீர் வரவழைத்தார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். கேமராவை மெல்லிய துணியின்மேல் வைத்து, லென்ஸை இரண்டு சுற்றில் திருகிக் கழற்றி, கைவிளக்கை அடித்து உள்ளே காட்டினார். லென்ஸ் பொருந்தும் வட்டத் துளைக்குள், மேற்பக்கத்தில், ஒரு சிறிய நெம்புகோலின் நுனியில் மிளகளவே இருக்கும் உருளை ஒன்று பளபளத்தது. "இந்த உருளையைப் பாருங்க சார், இதுதான் ரஷ்யாக்காரன் வேலை. ஒரிஜினல்ல இது இருக்காது" என்றார். உடன் வந்திருந்த என் மகள், தாத்தாவின் கேமராவைக் கடைசியாக ஒருமுறை பதிவு செய்துகொள்வோம் என்று அதையெல்லாம் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த உருளையும், அதைச் சுட்டிய விரலும், அவர் குரலும் இன்றும் அந்தக் காணொளியில் இருக்கின்றன.

அடுத்து உடலிலிருந்த எண்ணையும் லென்ஸின் முன்வளையத்தில் இருந்த எண்ணையும் காட்டி, இரண்டும் வேறு வேறாக இருப்பதால் இது எங்கோ சேர்த்துக் கட்டப்பட்ட பொருள் என்றார். பின்பக்கம் திறக்காததைக் காட்டி, இதில் ஃபிலிம் போடுவதே பெரும்பாடு, எவரும் வாங்க மாட்டார்கள் என்றார். மூன்றும் ஒரு சாமானியனின் காதுக்கு நியாயமாகவே ஒலித்தன.

இப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ரஷ்யப் போலி என்ற ஒன்று உண்மையிலேயே உண்டு. அதனால்தான் அந்தப் பொய் எடுபடுகிறது. அன்றைய சோவியத் யூனியனின் கார்கிவ் நகரத்தில் 1934 முதல் ஃபெட் என்ற கேமராவும், போருக்குப் பின் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்கில் சோர்க்கி என்ற கேமராவும், லைக்காவின் இரண்டாம் மாடலைப் பார்த்து லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. பிற்காலத்தில் வேறு சிலர் அவற்றின் மேல்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, தங்கமுலாம் பூசி, ஜெர்மானிய விமானப்படை முத்திரையோ பெர்லின் ஒலிம்பிக் வளையங்களோ குத்தி, ஐரோப்பியச் சந்தைகளில் விற்றார்கள். இந்தப் போலிகளை அடையாளம் காணச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது, கடைக்காரர் கைவிளக்கு அடித்துக் காட்டிய அதே இடத்தைத்தான். லென்ஸின் பின்விளிம்பு தொட்டுத் தள்ளும், தொலைவு அளக்க உதவும் அந்த நெம்புகோலின் நுனி, உண்மையான லைக்காவில் சுழலும் உருளையாக இருக்கும். ஃபெட், சோர்க்கி வகைகளில் ஆப்பு போன்ற கூர்நாக்காக இருக்கும். அசலுக்குரிய அடையாளத்தைக் காட்டியே அசலைப் போலி என்று சொல்லியிருக்கிறார். அறியாமல் சொன்னார் என்று நினைக்க என்னால் முடியவில்லை; அறியாதவர் அந்த இடத்தைத் தேடிக் கைவிளக்கு அடித்திருக்க மாட்டார்.

எண்கள் வேறுபட்டதும் அப்படித்தான். லைக்காவில் உடலுக்கு ஒரு வரிசை எண்ணும் லென்ஸுக்குத் தனியாக வேறொரு வரிசை எண்ணும் இருப்பதே இயல்பு. பின்பக்கம் திறக்காததும் குறையன்று. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவிலும், அதன்பின் வந்த திருகு வரிசை முழுவதிலும் அடித்தகட்டைக் கழற்றித்தான் ஃபிலிம் செருக வேண்டும்.

எங்களுடையது மூன்று எஃப் என்று அழைக்கப்படும் மாடல். ஷட்டர் வேகம் வைக்கும் மேல்சக்கரத்தைச் சுற்றி, ஃபிளாஷ் நேரத்திற்கான சிறு வளையம் ஒன்று உண்டு. அதன் எண்கள் முற்பட்டவற்றில் கறுப்பாகவும், 1952க்குப் பிற்பட்டவற்றில் சிவப்பாகவும் இருக்கும். எங்களுடையதில் சிவப்பு. முன்பக்கத்தில் மெதுவான வேகங்களுக்குத் தனிச் சக்கரம் இருந்தது. ஃபெட், சோர்க்கி ஆகியவற்றின் முதல் மாடல்களில் அது கிடையாது, போலிகளில் ஒட்டிவைத்திருந்தாலும் பல நேரம் சுழலாது. எண் 6 லட்சத்து 60 ஆயிரத்தை ஒட்டியது. அதன்படி 1953 வாக்கில் செய்யப்பட்டது. படமெடுப்பவரும் படத்தில் வந்து நிற்க உதவும் தானியங்கி நேரநெம்புகோல் 1954இல்தான் வந்தது என்பதால் இதில் அது இல்லை என்பதும் பொருந்திப்போகிறது. இவ்வளவையும் வீட்டிலிருந்தபடியே அரைமணி நேரத்தில் நான் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேமராவைவிடப் பையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கேமராவுக்கு விலை பேசி முடித்தபின், "பையில இருக்கிறதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், குப்பையில போடுறதுக்கு நானே வச்சுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானும் நன்றி சொன்னேன். அதில் இருந்தவற்றை மகளின் காணொளியிலிருந்து பிறகு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டோம். கட்டைவிரல் அளவிலான, கேமராவின் மேல் செருகிப் படத்தின் எல்லையைப் பார்க்க உதவும், ஒளிச்சட்டம் தெரியும் தனிக் காட்சிக்கண்ணாடி ஒன்று. லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம் தன் துணைப்பொருள்களுக்கு ஐந்தெழுத்துக் குறியீடுகள் வைத்திருந்தது, இதன் குறியீடு எஸ்பிஓஓஐ. எங்கள் கேமராவில் இருந்த சம்மிட்டார் லென்ஸுக்கென்றே செய்யப்பட்ட, நான்கு பக்கமும் மடியும் சதுர ஒளிமறைப்பு ஒன்று. அலுமினிய டப்பிகளுக்குள் ஃபில்கா எனப்படும் பித்தளை ஃபிலிம் கூடுகள் மூன்று. அவற்றை அம்மா வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பி என்றே நினைத்திருந்தார். மஞ்சள் வடிகண்ணாடி ஒன்று.

இவற்றைப் போன்ற பொருள்கள் விற்று முடிந்த விலைகளைப் பிறகு இபே தளத்தில் தேடிப் பார்த்தேன். அந்தக் காட்சிக்கண்ணாடி மட்டுமே பலமுறை விற்ற விலை, எனக்கு மொத்தத்திற்கும் கிடைத்த தொகையைவிட அதிகம். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கேட்கப்படும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. ஒருவர் ஆசைப்பட்டு ஒரு லட்சம் என்று எழுதி வைத்திருப்பது மதிப்பாகிவிடாது. "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டு, அதே மாடல், அதே லென்ஸ், ஏறக்குறைய அதே நிலை என்று பத்துப் பதினைந்தைப் பார்த்தால்தான் நிலவரம் பிடிபடும். லென்ஸைத் தனியாகத் தேடுவதும் அவசியம். உடல் லைக்காவாகவும் லென்ஸ் வேறாகவும் இருக்கலாம். 39 மில்லிமீட்டர் திருகு லைக்காவுக்கும் அந்த ரஷ்யக் கேமராக்களுக்கும் பொது என்பதால், ரஷ்ய லென்ஸ்களும் லைக்காவில் பொருந்திவிடும்.

குறைகள் இல்லாத கேமரா என்று சொல்லவரவில்லை. மெதுவான வேகங்கள் ஒட்டிக்கொண்டன. துணியாலான ஷட்டர் திரையில் ஊசித்துளைகள் இருந்திருக்கலாம். லென்ஸில் மங்கல் இருந்தது உண்மை. அதைக் கடைக்காரர் பூஞ்சை என்றார். கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்புறம் சாய்வாகப் பிடித்து, லென்ஸின் ஒளித்துவாரத்தை முழுதும் திறந்து பார்த்தால், பூஞ்சை மரத்தின் வேர்போலக் கிளைவிட்டுத் தெரியும். உள்ளே படிந்த மங்கல் கண்ணாடிமேல் மூச்சு விட்டதுபோல ஒரே சீராகத் தெரியும். காணொளியில் தெரிவது இரண்டாவது வகை. அந்தக் காலச் சம்மிட்டார் லென்ஸ்களில் அது சாதாரணம் என்றும், பெரும்பாலும் சுத்தம் செய்யக்கூடியது என்றும் பழுதுபார்ப்பவர் ஒருவர் சொன்னார். ஆனால் நீங்களே துடைக்க முயலாதீர்கள். முன்கண்ணாடியின் பூச்சு மென்மையானது; வேட்டி நுனியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் போதும், விலை இறங்கிவிடும்.

இவையெல்லாம் எனக்குத் தெரியவந்தது போகிக்காக வீட்டை ஒழித்தபோது. அப்பாவின் திருப்புளி, குறடு கிடந்த தகரப் பெட்டியின் அடியில், புத்தகம்போல ஒரு பக்கம் கீலிட்ட இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் அகப்பட்டன. ஓரம் ஒரு பக்கம் வளைந்து இறங்கியிருந்தது. லைட்ஸ் என்ற எழுத்தும் இருந்தது. என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "அதுல வச்சுத்தான்டா உங்கப்பா பிளேடால ஃபிலிம வெட்டுவாரு" என்றார். தேடியதில் அதன் பெயர் அப்ளான் என்று தெரிந்தது. அடிப்பக்கமாகச் செருகும் அந்தக் கேமராவில் ஃபிலிமின் முன்வாலைச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒடுக்கமாக வெட்டாவிட்டால், ஓரம் ஷட்டர் பக்கம் சிக்கிக்கொள்ளும். வெட்டும் அளவுக்கான அச்சுத்தான் அது. அப்ளானைப் பற்றி வாசித்துக்கொண்டே போனபோது, அடுத்த பக்கத்தில் உருளையின் படம் இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காணொளியைப் போடச் சொன்னேன்.

மறுநாளே கடைக்குப் போனோம். அது அந்த வாரமே கைமாறிவிட்டது என்றார். உருளையைப் பற்றிக் கேட்டேன். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். காணொளியைக் காட்டியதும், "அனுபவத்துல சொன்னேன் சார், நீங்க சந்தோஷமாத்தானே குடுத்தீங்க" என்று முடித்துக்கொண்டார். ரசீதில் "பழைய கேமரா, பையுடன் – 1" என்று மட்டும் இருக்கிறது. எண் இல்லை, லென்ஸின் பெயர் இல்லை, பையில் இருந்தவற்றின் பட்டியல் இல்லை.

வழக்கறிஞராக இருக்கும் சித்தப்பா மகனிடம் கேட்டேன். நான் பொருளை வாங்கியவனாக இல்லாமல் விற்றவனாக இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம் என்றும், மதிப்பிட்டுச் சொல்வதற்கென்று தனியாகக் கட்டணம் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் சேவைக் குறைபாடு என்று பேசியிருக்கலாம் என்றும் அவன் சொன்னான். ஆகவே மதிப்பிடுபவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். போனாலும் அன்றே விற்காதீர்கள். மேல்தகடு, லென்ஸின் முன்வளையம், லென்ஸைக் கழற்றிய துளை, அடித்தகடு, பையிலுள்ள ஒவ்வொரு சிறு பொருள் என எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துவைத்துவிட்டுப் பிறகு வெளியே எடுத்துச் செல்லுங்கள். எதற்கென்று தெரியாத பொருளை யாருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். விற்பதென்று முடிவானால், இரண்டு எண்களையும் துணைப்பொருள்களின் பட்டியலையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவரிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்ளான் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்கும் ஒரு விலை கிடைக்கும் என்று பார்த்துவைத்திருக்கிறேன், விற்கப்போவதில்லை. தகட்டின் வளைந்த ஓரம் நெடுக, அப்பாவின் பிளேடு ஓடிய மெல்லிய கீறல்கள் இருக்கின்றன.