₹4,350 போச்சுங்க: தீக்கடைகோல் செட் வாங்கறவங்க கவனத்துக்கு

வில் கடைகோல் செட் (வில்லோட கயிறைக் கோல்ல சுத்தி, பலகைக் குழியில கடைஞ்சு தீ உண்டாக்கற சாமான்) ஆன்லைன்ல வாங்கப் போறீங்கன்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. பிள்ளைங்க முகாமுக்காக மூணு செட், மொத்தம் ₹4,350. மூணுல ஒண்ணுலகூட கங்கு பிடிக்காது. நல்லாக் கடையத் தெரிஞ்ச கைக்கும் பிடிக்காது, ஏன்னா கோளாறு கையில இல்லை, சாமான்லயே இருக்கு.

தளத்தோட பேரைப் போடலை. கைவினைப் பொருள் விக்கற தளம், உள்ளே தனித்தனி வியாபாரிங்க கடை வெச்சிருப்பாங்க, அந்த ரகம். என்ன மரம்னு வியாபாரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "ரயில் கத்தாழைத் தண்டுங்க, வேலியில நின்னபடியே காஞ்சதுங்க. நானும் பொள்ளாச்சிப் பக்கந்தானுங்க, நம்மூர்க்காரங்களுக்குப் பொய் சொல்லுவனுங்களா"ன்னார். இந்த வேலை தெரிஞ்ச யாருக்கும் அந்தப் பதில் போதும். கத்தாழை பூத்து முடிஞ்சதும் செடி செத்துரும். பூத்தண்டு நின்ன இடத்துலயே காஞ்சு எடையில்லாம ஆயிரும். கோலுக்கும் ஆகும், அடிப்பலகைக்கும் ஆகும். மரத்தைச் சரியாச் சொன்ன ஆளு மரத்தைச் சரியாத் தருவார்னு நம்பித்தான் அன்னைக்கே ₹4,350 அனுப்பினேன்.

வந்தது வேற. கோல் கடைசல் மிஷின்ல உருட்டின கெட்டி மரம், கட்டில் கால் மாதிரி. கட்டை விரல் நகத்தை அழுத்தினா தடம் விழணும், அதுதான் இந்த மரத்துக்குச் சோதனை. இதுல கோடுகூட விழலை. பலகைக்கு மேல வார்னிஷ், உள்ளே பச்சை. ஒரு பலகை வந்தப்ப 410 கிராம், வெயில்ல காஞ்சதுக்கப்புறம் 355. அந்த 55 கிராமும் தண்ணி. கடையற சூடெல்லாம் அந்தத் தண்ணியை ஆவியாக்கவே போயிரும். புகை மாதிரி வரும், தூள் உருண்டு உருண்டு ஒட்டிக்கும், கங்கு வராது. கெட்டிக் கோலோ தூளே விடாது; குழியைக் கண்ணாடியாத் தேச்சுட்டுக் கீச்சுனு கத்தும். சாதாரணமா இப்படிப் பளபளத்தா, சுரண்டிவிட்டு ஒரு சிட்டிகை மணல் போட்டுக் கடைஞ்சா சரியாயிரும். இதுல மணலும் எடுபடலை.

ரொம்பக் கொதிச்சது அந்தக் குழியைப் பார்த்துத்தான். "சோதிச்சு அனுப்பினது"ன்னு காட்ட, காய்ச்சின கம்பியால சுட்டுக் கருக்கியிருக்காங்க. கடைஞ்சு உண்டான குழின்னா கோல் முனையும் குழியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தி உக்காரும், ரெண்டும் ஒரே மாதிரி கருத்திருக்கும். இங்க கோல் முனை புத்தம் புதுசு, குழிக்குள்ள லொடலொடன்னு ஆடுது.

குழி ஓரத்துல பலகையில போடற வெட்டும் அப்படித்தான். குழியோட மையத்தைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னால வரைக்கும், வட்டத்துல எட்டில் ஒரு பங்கு அகலத்துக்கு, ஆப்பு வடிவுல வெட்டணும். சூடான தூள் அதுக்குள்ள விழுந்து குவிஞ்சாத்தான் கங்காகும். இவங்க ரம்பத்தால ஒரு கீறல் போட்டிருக்காங்க. தூள் இறங்கவே இடமில்லை. வில்லுக்கு நைலான் கயிறு, கோல்ல வழுக்கிட்டே இருக்கு.

இதையெல்லாம் போட்டோவோட அனுப்பினேன். வியாபாரியோட முதல் பதில்: "உங்களுக்குக் கடையற முறை சரியில்லைங்க." அடுத்தது: "பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காத்துங்க, பத்து நாள் வெயில்ல வெச்சுப் பாருங்க." காத்துல ஈரம் இருந்தா காஞ்ச மரமும் கொஞ்சம் இழுக்கும், உண்மைதான். அதுக்காகக் கெட்டி மரம் மெத்துனு ஆயிராது. வெயில்ல வெச்சு எடுத்ததுக்கப்புறம் தளத்துல இருந்து வந்த பதில்: "திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், கெடு முடிஞ்சுது." பத்து நாள் வெக்கச் சொன்னதே அதுக்குத்தான்! இப்ப வியாபாரி போனே எடுக்கறதில்லை. ₹4,350ல ஒரு ரூபா திரும்பலை.

எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப இருக்கற கோவத்துல முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். புகையில ஆரம்பிச்சுத் தீ பிடிக்கிற வரைக்கும் வெட்டே இல்லாத வீடியோ கேளுங்க. இவங்க வீடியோவுல புகைக்கும் தீக்கும் நடுவுல வெட்டு இருக்கு. நகம் அழுத்தற போட்டோ கேளுங்க. வார்னிஷ் மினுக்கு தெரிஞ்சாலே விட்டுருங்க. வந்த அன்னைக்கே எடை போடுங்க, குறை இருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பப் பதிவு பண்ணுங்க, "காய வெச்சுப் பாருங்க"ன்னு சொன்னா கேக்காதீங்க.

உண்மையில வாங்கவே வேண்டியதில்லை. காஞ்ச கத்தாழைத் தண்டுல ஒரு சாண் நீளக் கோல், பெருவிரல் கனம், முக்கால் அங்குலக் கனத்துல பலகை, கை நீள வளைஞ்ச குச்சி, பருத்திக் கயிறு, மேல அழுத்திப் பிடிக்கக் கொட்டாங்குச்சி. எண்ணெய் கோலோட மேல் முனைக்கு மட்டும், கீழ் முனையில பட்டா அந்தக் கோல் வீண். கங்கை ஏந்திக்க உதிர்த்த தேங்காய் நார். ₹4,350 எங்கயும் தேவைப்படாது.

மாட்டிக்கிட்டவங்க 1915க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 மின்வணிக விதிப்படி தளம் ஒரு குறைதீர் அலுவலரை வெச்சிருக்கணும், அவர் 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். போன்ல பேசினதோட விடாம எழுத்துல அனுப்புங்க, போட்டோவும் எடைச்சீட்டும் சேத்து.