எம்.ஜி. மிட்ஜெட் 1275: யாழ்ப்பாணத்தில் நெடுநாள் பாவனையும் பெற்றோல் கோளாறுகளும்

யாழ்ப்பாணத்தில் எம்.ஜி. மிட்ஜெட் என்ற இருவர் அமரும் சிறிய பிரித்தானியத் திறந்த காரை வைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: தாராளமாக ஓட்டலாம். மொறிஸ் மைனர் ஓடுகிற ஊரில் மிட்ஜெட்டைக் கை பார்க்க ஆள் இல்லாமல் போகாது. 1966 முதல் 1974 வரை வந்த 1275 சி.சி. மிட்ஜெட்டின் எஞ்சின், மைனரின் 948, 1098 சி.சி. எஞ்சின்கள் பிறந்த அதே ஏ சீரிஸ் குடும்பம்தான். ஏறக்குறைய 700 கிலோ எடையும் 65 குதிரைவலுவும் உள்ள கார். ஒழுங்காக இருந்தால் ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டும்போது கால் வைத்த இடத்தில் இழுக்கும். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில் கொடுக்கும்.

மைனரை அறிந்த கைக்கு இதில் புதிதாக இருப்பவை இரண்டு. ஒன்று, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் ஒரு காபரேற்றருக்குப் பதில் இரண்டு எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேற்றர்கள். மற்றது, மைனரில் பொனற்றைத் திறந்ததும் கண்ணில் படுகிற எலெக்ட்ரிக் பெற்றோல் பம், மிட்ஜெட்டில் பின்னால், பெற்றோல் தாங்கிக்கு அருகே, காரின் அடியில் இருக்கிறது. கண்ணில் படாதது மனதிலும் படாது. கார் திணறத் தொடங்கியதும் எல்லோரும் ஸ்பானரோடு காபரேற்றருக்குத்தான் போகிறார்கள். நெடுநாள் பாவனையில் நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது, காபரேற்றரில் கை வைப்பது கடைசி வேலை என்பதே. பெற்றோல் வருகிறதா, பிளக்கில் விழும் நெருப்புச் சரியா, வேண்டாத இடத்தால் காற்று நுழைகிறதா என்ற மூன்றையும் பார்த்து முடிக்காமல் காபரேற்றரில் பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெற் நட்டைத் திருகினால், ஒரு கோளாறு இரண்டாகும்.

பம்மைக் காதால் சோதிக்கலாம். திறப்பைத் திருப்பியதும் பின்னால் டிக் டிக் என்று கெதியாகத் தட்டி, காபரேற்றர்களின் மிதவைக் கிண்ணங்கள் நிறைய நிறைய மெதுவாகி, நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாமலே சில வினாடிக்கு ஒருதரம் தட்டிக்கொண்டிருந்தால், கிண்ணத்துக்குள் பெற்றோலை விடும் ஊசி வால்வு ஒன்று வடிவாக மூடவில்லை அல்லது பம்மின் உள்வால்வு கசிகிறது. நிற்காமல் வேகமாகத் தட்டினால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது தாங்கிக்கும் பம்முக்கும் இடையில் காற்று இழுக்கிறது. அந்தப் பக்கம் காற்றுத்தான் உள்ளே போகும், பெற்றோல் வெளியே சொட்டாது. ஆகவே நிலத்தில் ஈரம் தேடுவதில் பலன் இல்லை. இணைப்புகளையும் ரப்பர் ஹோஸையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் பம்மின் உடலை ஸ்குரூட்ரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளே மின்சாரத்தைத் தொட்டுவிடும் பொயின்ற் தேய்ந்துவிட்டது. மூடியைக் கழற்றி மெல்லிய எமெரித் தாளால் துடைக்கலாம், ஆனால் அது சில வாரத் தீர்வுதான். புதிய பொயின்ற் போடுங்கள். அதற்கு முன் பம்மின் எர்த் வயரைப் பாருங்கள். குருநகர், பண்ணை, காரைநகர்ப் பக்கத்து உப்புக்காற்றில் அந்த வயரின் முனை கறல் பிடித்துப் பச்சையாகிவிடும். பம் பழுது என்று கழற்றிய எத்தனையோ இடத்தில் குற்றவாளி இந்த எர்த்துத்தான்.

தட்டுவது சரியென்றாலும் அளவு போதாமல் இருக்கலாம். காபரேற்றருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, சூடில்லாத எஞ்சினில், திறந்த இடத்தில், பம்மை ஓட விடுங்கள். நிமிடத்துக்கு அரை லீற்றர் வந்தால் போதும். அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. அளவில் இருக்க வேண்டும். வேறு கார்களின் வலுக்கூடிய பம்மைப் பூட்டினால் எஸ்.யூ. ஊசி வால்வு தாங்காது, கிண்ணம் வழியும். இந்த எஞ்சினில் சைலன்சர்க் குழாய் தொடங்கும் மனிபோல்ட் காபரேற்றரின் நேர் கீழே இருக்கிறது. வழிகிற பெற்றோல் அதன்மேல்தான் விழும். ஒரு கிலோ தூள் தீயணைப்பான் இல்லாமல் மிட்ஜெட் ஓட்ட வேண்டாம்.

போத்தலில் பிடித்த பெற்றோலைக் கொட்டிவிடாதீர்கள், சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படையாக நிற்பது தண்ணீர். மாரி மழைக்குப் பிறகு இது சகஜம். பழுப்புத் தூள் என்றால் தாங்கிக்குள் கறல். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள்: நல்ல பெற்றோல் தடமின்றிக் காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. அந்த நாட்களைக் கடந்துவந்த எஞ்சினோ காபரேற்றரோ கைக்கு வந்தால், கரி எவ்வளவு படிந்திருக்கிறது என்று எஞ்சின் தலையை (சிலிண்டர் ஹெட்) கழற்றிப் பாருங்கள். காபரேற்றர் பிஸ்டனில் பூட்டிய ஊசியை (ஊசி வால்வு வேறு) இழுத்து அதன் தண்டில் பொறித்த எழுத்தையும் பாருங்கள். 1275 மிட்ஜெட்டின் முற்பகுதிக் கார்களுக்கு ஏ.என். ஊசி, பின்னாளில் வந்தவற்றுக்கு வேறு. உங்கள் காருக்கு உரியதல்லாத எழுத்து இருந்தால் எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது. 2022 தட்டுப்பாட்டில் கானில் சேர்த்து மறந்துபோன பெற்றோலைத் தாங்கிக்குள் விட்ட கார்களும் உண்டு. பழைய பெற்றோல் வார்னிஷ் மணம் அடிக்கும், ஊசி வால்வில் பிசினாக ஒட்டும். அதை வெளியேற்றாமல் வேறு எதுவும் செய்து பயனில்லை. தாங்கியைப் பற்றவைப்பதென்றால், முழுதாகத் தண்ணீர் நிரப்பிக் கழுவாமல் நெருப்பை அருகே கொண்டுபோகக் கூடாது. வெறுந்தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

இனி, இந்தக் காரில் ஆளை அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு: நன்றாக ஓடிய கார் வெயிலில் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். இதற்குக் காரணம் நான்கு, நின்ற அந்த நிமிடத்திலேயே பிரித்தறியலாம். ஆறிய பிறகு கராஜுக்குக் கொண்டுபோனால் எவராலும் பிடிக்க முடியாது.

முதலில் தாங்கி மூடியைத் திறவுங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால், மூடியில் காற்றுத்துளை இல்லை அல்லது அடைபட்டிருக்கிறது. வேறு காரின் மூடியைப் போட்டவர்களுக்கு இது கட்டாயம் வரும். பம் இழுக்க இழுக்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெற்றோல் வராது. சத்தம் இல்லையென்றால் திறப்பைத் திருப்பிப் பம்மைக் கேளுங்கள். வெறித்தனமாகத் தட்டிக்கொண்டு பெற்றோல் தள்ளாவிட்டால் குழாயில் ஆவி. பெற்றோல் வருகிறதென்றால் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு எஞ்சின் இரும்பில் வைத்து, பெற்றோல் ஈரம் இல்லாத இடத்தில் ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். நீலமாகப் பளிச்சென்று விழ வேண்டும். மஞ்சளாக, மெலிவாக விழுந்தால் அல்லது விழாவிட்டால், சூட்டில் விட்டுப்போவது கொயிலா கொண்டென்சரா என்று பாருங்கள். கொயிலைத் தொட முடியாத சூடாக இருந்தால் அது. டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் திறக்கும்போது அங்கே பெரிய பொறி பறந்தால் கொண்டென்சர். ஒரு கொண்டென்சரையும் டிஸ்ரிபியூட்டர் ரோட்டரையும் காரிலேயே வைத்திருங்கள், ஆனால் பெட்டியில் வாங்கியதை அப்படியே நம்பாமல் ஒரு நாள் பூட்டி ஓடிப் பார்த்துவிட்டு வையுங்கள். நடுவில் ரிவெற் அடித்த மலிவு ரோட்டர்களில் மின்சாரம் ரிவெற் வழியே தண்டுக்கு இறங்கிவிடும்.

ஆவிக் கோளாறு பங்குனி, சித்திரை வெயிலில், பட்டணத்து நெரிசலில் கூடும். பம் பின்னால் இருப்பதால் ஓடும்போது குறைவு. நிறுத்திப் பத்து, இருபது நிமிடத்தில்தான் அடிச்சூடு மேலே ஏறிக் கிண்ணங்களைக் கொதிக்க வைக்கும். காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் இடையிலுள்ள தகட்டுக் கவசம் பல கார்களில் யாரோ கழற்றி எறிந்ததாகவே இருக்கும். அதைச் செய்து பூட்டுவதற்கு ஈடான வைத்தியம் இல்லை. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். ரேடியேற்றருக்குள் படிந்து சூட்டைக் கூட்டும். வடித்த நீரோ மழைநீரோ விடுங்கள்.

நெருப்புப் பக்கத்து அளவுகள் சுருக்கமாக. லூகாஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டரில் பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.63 மி.மீ., வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.30 மி.மீ., நெருப்பு ஒழுங்கு 1-3-4-2. என்.ஜி.கே. பிபி6ஈஎஸ் பிளக் பொருந்தும். பொயின்ற்றின் குதி தேயத் தேய இடைவெளி குறுகி, நெருப்பு விழும் நேரம் (ரைமிங்) பின்னுக்குப் போகும். இழுவை குறைந்து சூடு ஏறும், அதைத்தான் பலர் ‘பெற்றோல் போதவில்லை’ என்கிறார்கள். டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற்றுக்குப் போகும் சிறு வயர் உறைக்குள்ளேயே முறிந்து, வளைந்தபோது தொட்டும் விட்டும் விளையாடும். இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீண்டால் மாற்றுங்கள். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 8.8:1. 92 ஒக்ரேனில் ஏற்றத்திலும் பாரத்திலும் எஞ்சின் தட்டும், 95 போடுங்கள்.

காற்று நுழைவதற்கு முதல் இடம், அக்சிலரேற்றரை மிதிக்கும்போது திரும்புகிற காபரேற்றர்களின் திறொட்டில் தண்டு. மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் புஷ் போட வேண்டும். எஞ்சின் மெல்ல ஓடும்போது தண்டு முனையிலும் கஸ்கெட் ஓரங்களிலும் எஞ்சின் ஒயில் சில துளி விடுங்கள். ஓட்டம் மாறிய இடம்தான் ஓட்டை. எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான மனிபோல்டுக்கு மேலே அடிக்க வேண்டாம். கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் தூசி இந்தத் தண்டைத் தின்னும். எயார்பில்டர் இல்லாமல் வெறும் வாயோடு அழகுக்கு விட்ட காபரேற்றர்கள் கெதியில் போய்விடும்.

இவ்வளவும் சரியென்ற பிறகே காபரேற்றர். பிளக் நான்கையும் ஒழுங்காக வரிசையில் வையுங்கள். ஏ சீரிஸ் தலையில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரு உள்வாய், 3, 4க்கு ஒரு உள்வாய். ஆகவே 1, 2 பிளக் மட்டும் கறுத்திருந்தால் முன் காபரேற்றர். 3, 4 என்றால் பின் காபரேற்றர். 2ம் 3ம் மட்டும் வேறுபட்டு, அழுத்தமும் அந்த இரண்டிலும் குறைந்திருந்தால் காபரேற்றரை விடுங்கள், இடையில் ஹெட் கஸ்கெட் வெடித்திருக்கிறது.

கறுப்பு என்றால் பெற்றோல் கூட; முதலில் சோக்கைத் தள்ளிவிட்டு ஜெற்றை விரலால் மேலே அழுத்துங்கள். சோக் இழுத்தபோது கீழிறங்கிய ஜெற் பிசினால் திரும்பி ஏறாமல் நிற்பது மிகப் பொதுவான கோளாறு. மிதவையைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே பெற்றோல் கேட்டால் மாற்றுங்கள். கிண்ண மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் 3.2 முதல் 4.8 மி.மீ. வரையான டிறில் கம்பி மிதவைக் கைக்கும் மூடிக்கும் இடையில் நுழைய வேண்டும். காபரேற்றர் உச்சியில், பிஸ்டனின் வேகத்தை அடக்கும் டாம்பரில் ஒயில் இல்லாவிட்டால் முடுக்கும்போது பிஸ்டன் சடாரென்று எழுந்து கார் திணறும். 20டபிள்யூ50 விடலாம், டாம்பரை இறக்கும்போது மூடி உட்கார 6 மி.மீ. இருக்கையில் இறுக்கம் தெரிந்தால் அளவு சரி.

அமைக்கும்போது இரு காபரேற்றர்களையும் இணைக்கும் கிளாம்புகளைத் தளர்த்துங்கள். ஜெற்றைப் பாலத்தோடு (காற்றுவாயின் அடியில் ஜெற் எட்டிப்பார்க்கும் மேடு) மட்டமாக ஏற்றி, இரண்டு சுற்று, அதாவது நட்டின் 12 முகம், இறக்குங்கள். எஞ்சின் சூடானதும் ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்றுவாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திறொட்டில் ஸ்குரூக்களைத் திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு காபரேற்றரின் பிஸ்டனையும் அதன் பக்கத்திலுள்ள தூக்கு ஊசியால் 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ஓட்டம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, விழுந்து திணறினால் குறைவு, சற்று ஏறி உடனே படிந்தால் சரி. ஒருதரத்துக்கு ஒரு முகத்துக்கு மேல் திருப்ப வேண்டாம். ஒன்றைத் திருத்தினால் மற்றதைத் திரும்பவும் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருடத்தில் ஒருதரம் வந்து ஓட்டுபவர்கள், போகுமுன் தாங்கியையும் இரு கிண்ணங்களையும் வெறுமையாக்கி, பற்றரி எர்த்தைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்யுமுன் புதிய பெற்றோல் ஐந்து லீற்றர் விட்டு, பம் தட்டி நிற்கும்வரை பொறுத்து, கிண்ணங்களின் வழிகுழாயில் சொட்டு இல்லை என்று கண்ட பிறகே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.