சினமன் புல்-அப்பார்ட் பிரெட்டுக்கு இலங்கைச் சுருள்பட்டை: பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

சினமன் புல்-அப்பார்ட் பிரெட்டை வீட்டில் செய்கிறவர்கள் மைதா, ஈஸ்ட், வெண்ணெய் ஆகியவற்றுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பட்டை வாங்குவதில் காட்டுவதில்லை. இத்தனைக்கும் மாவைச் செவ்வகமாகத் தேய்த்து, உருக்கிய வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, துண்டுகளாக வெட்டி அடுக்கி, நீள டின்னில் நிறுத்தி வேகவைக்கும் இந்த பிரெட்டில் ஏட்டுக்கு ஏடு வாசனை தருவது பட்டை ஒன்றுதான். பழமோ சாக்லேட்டோ இல்லாத பண்டம் என்பதால், பட்டை சுமாராக இருந்தால் அதை மறைக்க வேறு எதுவும் இல்லை. அதனால்தான் மளிகைக் கடையில் கிடைக்கும் வழக்கமான பட்டையை விட்டுவிட்டு, இலங்கையிலிருந்து வரும் சுருள்பட்டையை இந்த பிரெட்டுக்கு முறையாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

நம் ஊர்க் கடைகளில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா. சீனா, வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து வரும் அது தடித்து, ஒற்றை அடுக்காக, இரு ஓரமும் உள்நோக்கி வளைந்திருக்கும். கையால் ஒடிப்பதே கடினம். இலங்கைச் சுருள்பட்டை வேறு மரத்தினுடையது. தென்னிலங்கையின் காலி, மாத்தறைப் பகுதிகளில் கிளையின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைத் தண்டால் தேய்த்து நெகிழ்த்தி, உட்பட்டையை மெல்லிய ஏடுகளாக உரித்து, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி உலர்த்துகிறார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சுருட்டின் முனை போலப் பல அடுக்குகள் தெரியும். விரலால் அழுத்தினாலே நொறுங்கிவிடும் என்பதால் வீட்டு மிக்ஸியில் மாவு போல நைசாக அரைபடுகிறது. இந்த பிரெட்டுக்கு அது பெரிய வசதி. தூளில் நெருநெருப்பு இருந்தால் மென்மையான ஏடுகளுக்கிடையே அது பல்லில் தட்டுப்படும்.

400 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 180 மில்லி பால், ஒரு முட்டை, 60 கிராம் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் காசியாவும் மறுபாதிக்குச் சுருள்பட்டையும் தூவி, ஒரே அவனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டேன். வேகும்போது வீட்டை நிறைக்கும் மணத்தில் காசியாவே முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சூடாகப் பிய்த்துத் தின்னும்போதும் அதன் காரமான சுறுசுறுப்பு நாக்கில் உடனே ஏறுகிறது. ஆனால் இரண்டு மூன்று துண்டுகளுக்குப் பிறகு அந்தக் காரத்தின் பின்னால் ஒரு கசப்பு தங்கிவிடுகிறது. சுருள்பட்டை அப்படி முந்திக்கொண்டு வருவதில்லை. இனிப்பும் லேசான கிராம்பு வாசனையும் கலந்த அதன் மணம், வெண்ணெயும் பாலும் சேர்ந்த மாவின் சுவையை அமுக்காமல் அதனோடு சேர்ந்தே வருகிறது. அந்தக் கிராம்புச் சாயலுக்குக் காரணம் அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள். கிராம்பின் மணத்துக்கும் அதுதான் ஆதாரம். மறுநாள் ஆறிய துண்டிலும் மணம் குறையாமல் இருந்தது சுருள்பட்டைப் பாதிதான். என் தீர்ப்பு அதன் பக்கமே.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நாட்டுச் சர்க்கரையைப் போட்டால் அதன் பாகு வாசனை சுருள்பட்டையின் மென்மையை முழுவதுமாக விழுங்கிவிடும். கொடுத்த விலை வீண். சாதாரண வெள்ளைச் சர்க்கரையோ வெளிர்நிறப் பழுப்புச் சர்க்கரையோ 120 கிராம், பட்டைத்தூள் 12 கிராம், வெண்ணெய் 70 கிராம் என்ற அளவு எனக்குச் சரியாக அமைகிறது. எந்தப் பட்டையானாலும் தூளை மாவோடு சேர்த்துப் பிசையக் கூடாது. பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டின் வேகத்தை அடக்கக்கூடியது. மாவுக்குள் கலந்தால் உப்பி வருவது தாமதமாகும். ஏடுகளுக்கிடையே வெண்ணெயின் மேல் தூவுவதே முறை. 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வேகட்டும். மேற்புறம் முன்கூட்டியே சிவந்தால் அலுமினியத் தாளால் மூடிவிடலாம். நெருக்கமாக அடுக்கிய நடுப்பகுதி கடைசியில்தான் வேகும் என்பதால் மேல்நிறத்தை மட்டும் நம்பி வெளியே எடுக்கக் கூடாது.

வாரந்தோறும் சுடுகிற வீடுகளுக்குச் சுவையைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உள்ளது. அது அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். சுருள்பட்டையில் அது மிக மிகக் குறைவு. நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொள்வது ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 1.5 மில்லிகிராம். காசியாத் தூளில் கிலோவுக்கு 3 கிராம் கூமரின் என்று வைத்துக் கணக்கிட்டால், மேற்சொன்ன 12 கிராம் தூளில் 36 மில்லிகிராம் வரும். பிரெட்டைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தாலும் ஒரு பங்கில் 3 மில்லிகிராம். எப்போதாவது ஒருநாள் தின்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குழந்தைகள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று தொடர்ந்து செய்து கொடுக்கும் தாய்மார்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே பட்டை வாங்க வேண்டும்.

குறை என்றால் விலைதான். காசியாவைவிடப் பன்மடங்கு கூடுதல். விலை கூடிய இடத்தில் கலப்படமும் நுழைகிறது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘சிலோன் பட்டைத்தூள்’ என்று நான் வாங்கியது, காரத்தில் அப்பட்டமான காசியாவாக இருந்தது. தூளாகிவிட்ட பிறகு கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், இந்தப் பொருளை முழுச் சுருளாக மட்டுமே வாங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கியிருப்பதால், ஏற்றுமதிப் பொட்டலங்களில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

தரத்தில் ‘அல்பா’ (Alba) என்பதே உச்சம். சுருளின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். அரைத்துத் தூவப்போகிற பிரெட்டுக்கு அந்த அழகு தேவையில்லை. அதற்குக் கீழான தரங்களான ‘சி5’ அல்லது ‘சி4’ தாராளமாகப் போதும். காசியாவின் காரத்துக்கே பழகிய வீட்டினர் முழுவதும் மாற வேண்டாம். முக்கால் பங்கு சுருள்பட்டையும் கால் பங்கு காசியாவும் கலந்தால் அந்தச் சுறுசுறுப்பும் இருக்கும், கசப்பும் தங்காது. சுருளைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொண்டு, மாவு உப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேண்டிய அளவை மட்டும் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம்.