வாய்க்கால் கரையில் 42 கிலோமீட்டர்: ஒரு கிராமத்து மாரத்தான் குறித்த மதிப்பீடு

சென்ற தை மாதத்தில், கொங்குப் பகுதியின் வாய்க்கால் பாசன ஊர் ஒன்றில் நடந்த மாரத்தானில் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தேன். குறைகளை அமைப்பாளர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன். அவர்களும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்கள். ஆகவே ஊரின் பெயரையும் குழுவின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் கிராமத்து மாரத்தான்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிவரும் இந்நாளில், அங்கே கண்டவையும், உடன் ஓடியவர்கள் சொன்னவையும் அடுத்து பதிவு செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முழு மாரத்தான் காலை 5 மணிக்கும் அரை மாரத்தான் 6 மணிக்கும் தொடங்கின. இரண்டும் ஒரே சுற்றுப் பாதைதான்; அரை மாரத்தானுக்கு ஒரு சுற்று, முழு மாரத்தானுக்கு இரண்டு. ஊர்ப் பள்ளி மைதானத்தில் புறப்பட்டு, தென்னந்தோப்புகளுக்கு நடுவே தார்ச்சாலையில் சென்று, மஞ்சள் காடுகளைக் கடந்து, வாய்க்கால் கரையின் மண் பாதை வழியாகத் திரும்பி வர வேண்டும். பதிவுக் கட்டணம் 1,200 ரூபாய். அதற்குள் சட்டை, பதக்கம், காலை உணவு, நேரம் பதியும் சில்லு பொருத்திய மார்பு எண் ஆகியவை அடங்கும்.

முதல் சுற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். விடியும் வரை நெற்றி விளக்கின் ஒளியில் ஓடினோம். கிராமத்துச் சாலையில் இருட்டில் ஓடுபவர்களுக்கு நாய்கள் பெரிய அச்சம். அதை முன்னரே உணர்ந்து, ஒவ்வொரு தோட்டத்துக்காரரிடமும் சொல்லி அன்று காலை நாய்களைக் கட்டிவைக்கச் செய்திருந்தார்கள். பால் சொசைட்டிக்குச் செல்லும் வண்டிகளைத் தடுக்க முடியாது என்பதால், அவற்றுக்குச் சாலையின் ஒரு பாதியை ஒதுக்கி, எங்களை மறு ஓரமாக வரிசையில் ஓடச் செய்தார்கள். ஊரின் அன்றாட வேலை எதுவும் நின்றுபோகாமல் ஓட்டத்தை நடத்த வேண்டும் என்ற இந்த அக்கறையைப் பெருநகர ஓட்டங்களில் நான் கண்டதில்லை.

என் மனத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது கழிப்பறை ஏற்பாடு. நீண்ட ஓட்டங்களில் பெண்கள் படும் பாட்டைப் பேச்செடுக்கவே பலரும் கூசுவார்கள். பல அமைப்பாளர்கள் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. இங்கே பாதையோரத்தில் இருந்த வீட்டுக்காரர்கள் சிலர் தங்கள் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டு, வாசலில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். பச்சைத் துணி தெரிந்தால் தயங்காமல் உள்ளே போகலாம் என்று முதல் நாள் மாலை மார்பு எண் வாங்கும்போதே பெண்களிடம் சொல்லி அனுப்பினார்கள். "பத்து வருஷமா ஓடறேன், முதல் தடவையா பயமில்லாம தண்ணி குடிச்சேன்" என்றார் ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை. கழிப்பறை இல்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடித்து, வெயிலில் மயங்கிய தோழிகள் எனக்கு உண்டு. அந்த ஒரு வாக்கியத்தின் கனம் எனக்குப் புரிந்தது.

மருத்துவ ஏற்பாட்டிலும் ஒரு நல்ல யோசனை இருந்தது. கடும் உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில், நோயாளியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே உடலைக் குளிர்விக்க வேண்டும் என்பதே விளையாட்டு மருத்துவம் கூறும் விதி. பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கழுத்து வரை அமிழ்த்துவதுதான் அதற்கு மிக விரைவான வழி. இதற்கென விலையுயர்ந்த தொட்டிகளை வாடகைக்கு எடுக்காமல், பள்ளியை ஒட்டியிருந்த மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, பனிக்கட்டிப் பாளங்களைச் சாக்கில் சுற்றிப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். பொறுப்பேற்றிருந்த மருத்துவரிடம் இது யார் யோசனை என்று கேட்டேன். தேவையைத் தாம் சொன்னதாகவும், தொட்டியைக் காட்டியது ஊர்க்காரர்தான் என்றும் சொன்னார். அன்று அதைப் பயன்படுத்த வேண்டிய நிலை யாருக்கும் வரவில்லை.

இரண்டாம் சுற்றில் நிலைமை மாறியது. 7.35 மணிக்கு நான் பாதித் தூரத்தைக் கடந்தபோது, அரை மாரத்தான் கூட்டம் எங்களுக்கு முன்னும் பின்னுமாகப் பரவியிருந்தது. அவர்களின் எண்ணிக்கை எங்களைப் போல் ஆறேழு மடங்கு இருக்கும். இரண்டரை கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைத்திருந்த தண்ணீர்ப் பந்தல்களில் இரு சாராருக்கும் சேர்த்து ஒரே இருப்புதான் இருந்தது. முழு மாரத்தான் ஓடுபவர் மீண்டும் அதே பந்தலுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் கழித்து, உச்சி ஏறும் வெயிலில் வருவார் என்பதற்கான கணக்கு அதில் இல்லை. 32ஆவது கிலோமீட்டரில், ஏறக்குறைய 9 மணிக்கு, நான் அடைந்த பந்தலில் மேசையும் காலிக் குவளைகளும் மட்டுமே இருந்தன. தன்னார்வலர்களாக நின்ற கல்லூரி மாணவர்கள் அரை மாரத்தான் கூட்டம் கடந்ததும் ஓட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துச் சாப்பிடப் போய்விட்டார்கள். அடுத்த பந்தலிலும் அதே நிலை. அந்த மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை பேர் இன்னும் வர வேண்டும், கடைசி ஆள் எத்தனை மணிக்கு வரக்கூடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைசி ஓட்டக்காரரின் பின்னால் சைக்கிளில் ஒருவர் வந்து, அவர் கடந்த பிறகே பந்தலைக் கலைக்கச் சொல்லும் வழக்கம் பல ஓட்டங்களில் உண்டு. ஒரு சைக்கிளும் ஓர் ஆளும் போதும். செலவே இல்லாத அந்த ஏற்பாடு இங்கே விடுபட்டிருந்தது.

10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை ஓட்டங்களில் ஏறத்தாழ ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் நீரும் ஆகாரமும் கிடைக்க வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. எழுதிய திட்டத்தின்படி இந்த ஓட்டம் அதைவிட இருமடங்கு தாராளமானது. நடந்ததைப் பார்த்தால், பின்வரிசையில் ஓடிய எங்களுக்கு ஏழரை கிலோமீட்டர் வரை ஒரு மிடறும் இல்லை. தோட்டமொன்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே நின்ற பாட்டி ஒருவர் "ஏஞ்சாமி, இந்த வெயில்ல எதுக்கு இந்த ஓட்டம்? நின்னு குடிச்சுட்டுப் போ" என்று சொம்பை நீட்டினார். என்னோடு அதே நேரத்தில் ஓடிய நால்வரும் அந்தச் சொம்பில்தான் குடித்தோம்.

தண்ணீரோடு உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு, ஐந்து மணி நேரம் ஓடுபவர் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடுபவர்கள் நெடுநேரம் பாதையில் இருப்பதால் அவர்களே இந்த ஆபத்துக்கு அதிகம் உள்ளாகிறார்கள். இந்த ஓட்டத்தில் முதல் சுற்றில் உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கும், நல்ல உப்பு போட்ட மோரும் கொடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் மிஞ்சியிருந்த பந்தல்களில் இளநீர் மட்டுமே இருந்தது. இளநீர் அருமையானதுதான், ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போகும் உப்பை அது ஈடுசெய்யாது. மோரையும் கிழங்கையும் கடைசி ஆள் வரும் வரை வைத்திருப்பதே முறை.

வழிகாட்டலில் இன்னொரு குறை. மண் பாதையில் அம்புக்குறிகளைச் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்தார்கள். காலை 8 மணிக்குப் பிறகு ஆடுகளும் டிராக்டர்களும் நடமாடும் பாதையில் சுண்ணாம்பு எவ்வளவு நேரம் நிற்கும்? வாய்க்கால் கரை இரண்டாகப் பிரியும் இடத்தில் நானும் இன்னும் இருவரும் தவறான கிளையில் 400 மீட்டர் போய்விட்டோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தட்டி எங்களைத் திருப்பியனுப்பினார். அவர் அந்த இடத்தில் இருந்தது தற்செயல். மரக்கிளையில் கட்டிய ஒரு நாடா அவருடைய வேலையைச் செய்திருக்கும்.

இதைச் சின்ன விஷயமாக எண்ணத் தோன்றவில்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் திடீரென்று வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் சிக்கி, கலந்துகொண்ட 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். வாகனம் போக முடியாத பகுதியில் உதவி நிலையமும் இல்லை. அங்கே 6 பேர் பிழைத்தது, குகையில் ஒதுங்கியிருந்த சூ கேமிங் என்ற ஆடு மேய்ப்பவர் அவர்களை உள்ளே அழைத்துத் தீமூட்டிக் காத்ததால்தான். கொங்கு வெயிலில் குளிர் கொல்லாது. ஆனால் பாதை தவறிய ஒருவர், தண்ணீரும் இல்லாமல், யாரும் தேடாத இடத்தில் விழுந்து கிடக்க இங்கேயும் இடமுண்டு. நாட்டுப்புறத்தில் ஓட்டம் நடத்துபவர்கள் ஊர்மக்களின் நல்ல மனத்தைத் திட்டத்தின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொள்ள வேண்டும். திட்டத்துக்குப் பதிலாக அதை நம்பியிருக்கக் கூடாது. பச்சைத் துணி கட்டிய அதே குழு, அந்த ஆட்டுக்காரரிடமும் மோட்டார் தோட்டத்துப் பாட்டியிடமும் முன்கூட்டியே பேசியிருந்தால் அந்த இரு இடங்களும் முறையான உதவி நிலையங்களாகவே ஆகியிருக்கும்.

தூர அளவைப் பற்றி ஓட்டக்காரர்கள் நிறையப் பேசிக்கொண்டார்கள். தவறிப்போன 800 மீட்டரைக் கழித்த பிறகும் என் கைக்கடிகாரம் 42.8 கிலோமீட்டர் காட்டியது. மற்றவர்களுடையதும் அதையொட்டியே இருந்தது. ஜிபிஎஸ் சற்று முன்பின்னாகக் காட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பாதையை மோட்டார் சைக்கிளின் மீட்டரை வைத்து அளந்ததாக அமைப்பாளர்களே சொன்னார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் நிலையாக ஏற்கப்பட்ட 42.195 கிலோமீட்டர் என்ற அளவை, சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளைக் கொண்டு, தூரம் குறைந்துவிடாதபடி ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டி அளப்பதே ஏற்கப்பட்ட முறை. அப்படிப் பார்த்தால் கூடுதலாகும் தூரம் 42 மீட்டர்தான். என்னைப் போன்றவர்களுக்கு அரை கிலோமீட்டர் பெரிதல்ல. ஆனால் நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பதற்காக ஓராண்டு பயிற்சி செய்து, 4 மணி 2 நிமிடத்தில் முடித்த ஓர் இளைஞருக்கு அது பெரிது.

நான் 5 மணி 52 நிமிடத்தில் முடித்தேன். கால வரம்பு ஆறரை மணி நேரம் என்று பதிவுப் படிவத்திலேயே இருந்தது. 11.05 மணிக்கு, அதாவது வரம்புக்கு 25 நிமிடம் இருக்கும்போதே, வாடகை நிறுவனத்தார் நேரம் பதியும் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். காற்றடைத்த வளைவும் சரிந்தது. மூவர் இன்னும் பாதையில் இருந்தார்கள். அவர்களில் கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்; இதுவே அவருடைய முதல் முழு மாரத்தான். 6 மணி 18 நிமிடத்தில், வரம்புக்குள்ளேயே, அவர் மைதானத்துக்குள் நுழைந்தபோது முடிவுக்கோடு எது என்றே தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஒரு கோடு போட்டார்கள். அவர் அதைத் தாண்டினார். நாங்கள் கைதட்டினோம், ஆனால் எனக்குக் கோபம் அடங்க நெடுநேரம் ஆனது. தென்னாப்பிரிக்காவின் கொம்ரேட்ஸ் என்ற, மாரத்தானைவிட நீண்ட ஓட்டத்தில் 12 மணி நேர வரம்பு முடியும் அந்தக் கடைசி நிமிடங்களைக் காண்பதற்கென்றே கூட்டம் காத்திருக்கும். வெற்றியாளருக்குக் கிடைக்காத ஆரவாரம் கடைசியாக வருபவருக்குக் கிடைக்கும். வரம்பு கடுமையாக இருக்கலாம், ஆனால் சொன்ன வரம்பைக் காக்க வேண்டும். அந்த மூவரின் நேரத்தையும் கையால் குறித்து முடிவுகளில் பின்னர் சேர்த்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

காலை உணவு மகளிர் சுயஉதவிக் குழுவினரின் பொறுப்பு. சந்தகையும் தேங்காய்ப்பாலும், சுடச்சுட அரிசிப்பருப்புச் சாதமும், நெய்யும் பரிமாறினார்கள். கடைசி ஆள் சாப்பிடும் வரை அவர்கள் அடுப்பை அணைக்கவில்லை. பதக்கம் கொட்டாங்குச்சியில் செய்தது; என்னிடமுள்ள பதக்கங்களில் அதுவே மிக அழகானது.

இதே வகையான ஓட்டங்களோடு ஒப்பிட்டுச் சொல்வதானால், 2008 முதல் ஆரோவில்லில் செம்மண் காட்டுப் பாதைகளிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்துவரும் மாரத்தான், பரிசும் போட்டியும் வேண்டாம், ஓடும் மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே வாய்க்கால் கரையில் நடக்கும் காவேரி டிரெயில் மாரத்தானும் வயல்வெளி ஓட்டத்தின் சுகத்தைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. நான் எழுதும் இந்த ஊரிலோ முதல் மூன்று இடங்களுக்குப் பணப்பரிசு உண்டு. கவனமெல்லாம் முன்வரிசைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து; பரிசளிப்பு விழா 9 மணிக்குத் தொடங்கியபோது பொறுப்பாளர்கள் அனைவரும் மேடையில்தான் இருந்தார்கள், பந்தல்கள் காலியானதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான்.

அரை மாரத்தானும் அதற்குக் குறைந்த தூரங்களும் ஓட விரும்புகிறவர்களுக்கு இந்த ஓட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; குடும்பத்தோடு முதல் நாளே வந்து தங்கலாம், பெண்கள் தனியாகவும் வரலாம். முழுத் தூரத்தை ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடியவர்களும் பெரிய இடர் இல்லாமல் ஓடலாம். அதைவிட மெதுவாக ஓடுகிறவர்கள், முழு மாரத்தான் 4 மணிக்குத் தொடங்குகிறதா, இரண்டாம் சுற்றுக்குத் தனி இருப்பு உண்டா, கடைசி ஆளோடு சைக்கிள் வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அமைப்பாளர்களிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். நான் கேட்டு எழுதியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்துவிட்டது.