மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி - அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் பண்ண அனுபவம்

அம்மாவுக்கு புரை நல்லா முத்திப்போச்சு, அண்ணா நகர் அரவிந்த்லதான் ஆபரேஷன் பண்ணோம், ரொம்ப திருப்தி. சொட்டு மருந்து விட்ட பொண்ணு ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் மேல பாருங்கம்மா, எரிஞ்சா கண்ண மூடிக்கோங்க"ன்னு சொல்லி, கன்னத்துல வழிஞ்சத பஞ்சால தொடச்சு விட்டுச்சு, அதுலயே அம்மாவுக்கு பாதி பயம் போயிடுச்சு. கட்டு பிரிச்சதும் சுவத்துல இருந்த போர்ட தானா படிச்சாங்க.

இத ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி பத்தி அவசியம் சொல்லணும். கவர்மென்ட் டாக்டரா ரிட்டயர் ஆனவரு, 58 வயசுல பென்ஷன வாங்கிட்டு நிம்மதியா உக்காராம, 1976ல வீட்ட அடமானம் வச்சு வெறும் 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு, அதுலயும் முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போன மனுஷன், அந்த கையாலயே கத்தி பிடிச்சு பழகி லட்சம் ஆபரேஷன் பண்ணாருன்னா யோசிச்சு பாருங்க! காசு கட்டுறவங்க வருமானத்துலயே இல்லாதவங்களுக்கும் வைத்தியம்ங்கறதுதான் கணக்கு, அந்த கணக்கு தப்பியிருந்தா குடும்பமே கடன்ல மாட்டியிருக்கும். அப்புறம் புரைய எடுத்துட்டு கண்ணுக்குள்ள வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைங்களுக்கு கட்டுப்படியாகலைன்னு 1992ல ஆரோலேப் ஆரம்பிச்சு லென்ஸையே இங்க செய்ய இறங்கிட்டாங்க, வைத்தியம் பாக்கறவங்க ஃபேக்டரி நடத்தறது லேசுப்பட்ட காரியமா? என்னை கேட்டா தலைமைன்னா இதுதான்.

கூட்டம் எப்பவும் இருக்கும், காலையிலயே போயிடுங்க. கட்டண பிரிவு, இலவச பிரிவு ரெண்டும் இருக்கு, வீட்ல பெரியவங்களுக்கு பார்வை மங்கலா இருந்தா தள்ளி போடாம கூட்டிட்டு போங்க.