தமிழ் படிக்காத அச்சகத்துக்குத் தமிழை அனுப்புவது எதில்? இன்டிசைன், ஸ்க்ரைபஸ், கேன்வா, இணையவழி அச்சு

மொரிசியஸில் ஒரு தமிழ் அழைப்பிதழ் அச்சேறி வரும் வழியில், தமிழ் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவரே இருக்கிறார். அவர் உரையை எழுதிக் கொடுத்தவர். பக்கம் அமைப்பவர், ப்ளேட் (அச்சுத் தகடு) எடுப்பவர், இயந்திரம் ஓட்டுபவர், தாள் வெட்டுபவர் எல்லோரும் கிரியோலும் பிரெஞ்சும் பேசுபவர்கள். அவர்களில் சிலருக்குத் தமிழ்ப் பெயரே இருந்தாலும் எழுத்து தெரியாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எழுத்து உடைந்தால் அச்சுக்கூடத்திலேயே யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். இங்கே அது மண்டபத்து மேசைக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆகவே பக்க வடிவமைப்பு மென்பொருள்களை ஒப்பிடும்போது, வசதி, விலை, அழகு ஆகியவற்றுக்கு முன்பாக நான் ஒன்றைப் பார்க்கிறேன்: தமிழறிந்த கண் அருகில் இல்லாதபோது இந்த மென்பொருள் எழுத்தை என்ன செய்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு தைப்பூச நிகழ்ச்சி நிரலால். ரோஸ் ஹில் பக்கத்தில் எங்கள் கோவிலுக்காக அச்சான 400 பிரதிகளிலும் ‘கொடியேற்றம்’ சிதைந்திருந்தது. ககரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் துணைக்காலோடு ஒட்டி நின்றது. யகரத்தின் இரட்டைக்கொம்பு அடுத்திருந்த றகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அனுப்பிய உரையில் பிழை இல்லை. கணினிகளின் பொது எழுத்துக்குறியீடான யூனிகோடு உயிர்க்குறியை எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கிறது; கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதும், ‘கொ’வைப் போன்றவற்றில் குறியைப் பிரித்து இருபுறமும் வைப்பதும், ‘து’, ‘கு’ முதலியவற்றை ஒரே வடிவாகச் சேர்ப்பதும் மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்துக்கோப்பு எந்திரத்தின் வேலை. அந்த எந்திரம் இல்லாத இடத்திலோ, இருந்தும் முடுக்கப்படாத இடத்திலோ உரை ஒட்டப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

சிறிய விஷயம் என்று இதை இந்தத் தீவில் யாரும் சொல்லமாட்டார்கள். 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழும் இந்தியும் வரிசை மாறியதால் எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் தமிழ் பேசாத குடும்பங்களுக்குக்கூட, அச்சில் தமிழ் சரியாக நிற்பது மானத்தோடு சேர்ந்த காரியம்.

முதலில் பழைய வழியை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு அல்லாத பாமினி போன்ற எழுத்துருவைக் கொண்டு அமைத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டி, பிறகு காலைத் தட்டினோம். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் கோப்பில் இருந்ததால், தமிழ் அறியாத மென்பொருளும் அதைச் சரியாகவே அச்சிட்டது. சில அச்சகங்கள் இன்னும் அதை விடாமல் இருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, அனுபவம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். உரையைத் தேட முடியாது, தொலைபேசியில் அனுப்ப முடியாது, அடுத்த ஆண்டு மீண்டும் எடுத்தாளவும் முடியாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன் மேல் இனி எதையும் கட்ட இயலாது.

இன்றைய உண்மையான போட்டி, சந்தா கட்டிப் பயன்படுத்தும் அடோபியின் இன்டிசைனுக்கும் இலவசமான ஸ்க்ரைபஸுக்கும் இடையில்தான். இன்டிசைனில் தமிழ் வருமா என்று கேட்டால் வரும், மிக நன்றாக வரும். ஆனால் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்ற, பல எழுத்துமுறைகளுக்கான வரியமைப்பு முறையைத் தேர்ந்திருக்க வேண்டும். இலத்தீன் எழுத்துகளுக்கான வழக்கமான கம்போசரில் தமிழ் உடையும். விருப்பத்தேர்வுகளில் மாற்றிவிட்டாலும் அது புதிய ஆவணங்களுக்கே பொருந்துகிறது. கடந்த ஆண்டின் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றும்போது, அதன் பத்திப் பாணிகளில் பழைய கம்போசரே தங்கியிருக்கும். எங்கள் நிகழ்ச்சி நிரலுக்கு நேர்ந்ததும் இதுவே. பிரெஞ்சு மட்டும் அமைத்துப் பழகிய ஒருவருக்கு அந்தத் தேர்வு எங்கே இருக்கிறது என்பது தெரிய நியாயமில்லை. மென்பொருளும் எச்சரிக்கை எதுவும் காட்டுவதில்லை. மிகச் சிறந்த மென்பொருளின் இந்த மௌனத்தை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

ஸ்க்ரைபஸின் வரலாறு வேறு. 1.4 வரிசையில் தமிழ் அறவே உடைந்து கிடந்தது. அதை நம்பிக் கைசுட்டுக்கொண்டவர்கள் இன்றும் அதன் பெயரைக் கேட்டாலே ஒதுங்குகிறார்கள். ஆனால் 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு எந்திரம் உள்ளே வந்துவிட்டது. 2024 சனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வெளிவந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் ஆகியவை தமிழைக் காட்டுவதும் அதே ஹார்ஃப்பஸால்தான். இங்கே தேட வேண்டிய பொத்தான் ஏதும் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற முறையான யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்து உரையை ஒட்டினால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். பணமும் கேட்பதில்லை. தைப்பூசம், வருஷப் பிறப்பு, புரட்டாசிக் கோவிந்தன் விழா என்று ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டும் அச்சிடும் ஒரு கோவில் சங்கம், 12 மாதமும் இன்டிசைனுக்குச் சந்தா கட்டுவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

குறைகளும் உண்டு. நீண்ட புத்தகத்தில் ஸ்க்ரைபஸ் திணறுகிறது. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்த தமிழ், இன்டிசைனில் அமைவதைப்போல அழகாக அமைவதில்லை. நம் சொற்கள் நீளமானவை, ‘நடைபெறவிருக்கின்றன’ என்ற ஒரு சொல்லே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும், மீதி வரிகளில் ஓட்டைகள் விழும். அச்சகம் இன்டிசைன் கோப்பைத்தான் கேட்கும் என்றால் ஸ்க்ரைபஸால் அதைத் தர முடியாது. பிடிஎஃப் மட்டுமே தரலாம். என் அனுபவத்தில் அந்தக் கடைசிக் குறை நன்மையாகவே முடிந்திருக்கிறது. காரணத்தை இறுதியில் சொல்கிறேன்.

கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தை இளைஞர்கள் கொண்டுவந்தார்கள். உலாவியில் இயங்குவதால் எழுத்து உடைவதில்லை, சங்கத்தில் ஐந்து பேர் ஒரே பக்கத்தைத் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்புக்கு இதைவிட எளிது வேறில்லை. அச்சுக்குப் போகும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் வேறொன்று தானாக வந்து நிரம்பும். எழுத்து சரியாக இருந்தாலும் தலைப்பின் தோற்றம் பொருந்தாமல் போகும். மற்றொன்று நிறம். அச்சின் நான்கு வண்ணத்துக்கு ஏற்ற சிஎம்ஒய்கே பிடிஎஃப் கட்டணக் கணக்கில் மட்டுமே கிடைக்கிறது. திரையில் மின்னிய காவடியின் இளஞ்சிவப்பும் மஞ்சளும் தாளில் மங்கி வந்தால், பார்ப்பவர்கள் அச்சகத்தைத்தான் குறை சொல்வார்கள். தவறு கோப்பில் இருந்திருக்கும்.

இணையவழி அச்சு என்பது இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருமண அழைப்பிதழின் வார்ப்புருவைத் தளத்தில் வைத்திருப்பார்கள். நாம் பெயர், நாள், மண்டபம் ஆகியவற்றை நிரப்பினால், வழங்கி (சர்வர்) தானே பிடிஎஃப் செய்து அச்சுக்கு அனுப்பிவிடும். இடையில் மனிதக் கை படாது என்பதே இதன் பெருமை. நமக்கு அதுவே ஆபத்து. நாம் காணும் முன்னோட்டத்தை வரைவது உலாவி, அங்கே தமிழ் பிழையின்றி நிற்கும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைச் செய்வது வழங்கியில் இருக்கும் வேறொரு நிரல். அது டிசிபிடிஎஃப் போன்றதாக இருந்தால் எழுத்தை மறுவரிசைப்படுத்தாமல் அப்படியே கொட்டிவிடும். எம்பிடிஎஃப் 6ஆம் பதிப்பாகவோ அதற்குப் பிந்தையதாகவோ, வீசிபிரிண்டாகவோ, திரையில்லாமல் இயங்கும் குரோமாகவோ இருந்தால் சரியாக வரும். வாடிக்கையாளர் இதையெல்லாம் விசாரிக்க வேண்டியதில்லை. ‘கொடியேற்றம், கோவில், வைகாசி, ஸ்ரீ’ என்ற நான்கு சொற்களை நிரப்பி, முன்னோட்டத்தை நம்பாமல், பணம் கட்டுவதற்கு முன் இறுதிப் பிடிஎஃப்பைக் கேட்டுப் பார்த்தால் போதும். அதைக் காட்ட மறுக்கும் தளத்தில் நான் தமிழை ஒப்படைக்கமாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அஃபினிட்டி பப்ளிஷரின் முதல் இரண்டு பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு இல்லை. பல சங்கங்களின் கணினியில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரை 2026 அக்டோபரில் நிறுத்தப்போவதாக அந்நிறுவனமே அறிவித்துவிட்டதால், அதில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இருக்கும் கோப்புகளைப் பிடிஎஃப்பாகவும் உரையாகவும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

என் தேர்வு இது: அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், சிறு மலர் ஆகியவற்றுக்கு ஸ்க்ரைபஸ் 1.6; நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆண்டு மலருக்கும் பாடநூலுக்கும், கம்போசரை அறிந்த ஒருவர் கையில் இன்டிசைன்; தொலைபேசிக்கு மட்டும் கேன்வா. எதில் செய்தாலும் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பாகவே அனுப்புகிறேன், மூலக் கோப்பைக் கொடுப்பதில்லை. ஏனெனில் மூலக் கோப்பு கையில் இருந்தால், கடைசி நேரத்தில் நாள் ஒன்றை மாற்றச் சொல்லும்போது அச்சகத்தில் நல்லெண்ணத்தோடு அங்கேயே மாற்றிவிடுகிறார்கள். அதைத் திறக்கும் கணினியில் எந்த அமைப்பு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இப்போது ஒரு புள்ளியை மாற்றுவதானாலும் கோப்பு என்னிடம் திரும்பி வருகிறது. நான் மாற்றி, தாளில் மெய்ப்பு எடுத்து, உரை எழுதியவர் ஒவ்வொரு கொம்பையும் விரல் வைத்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ப்ளேட்டுக்குப் போகிறது.